இரண்டு பேரை ஒருவராக்கிய உதாரணம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், தொலைக்காட்சியில் பார்த்த முகம் அப்படிச் சொல்லவில்லை என்றாலும். இது தலைநகருக்குத் திங்கட்கிழமை காலையில் வந்து சேரும் என்று கூரியர் கடைக்காரர் சத்தியம் செய்கிறார். கையில் கிடைத்ததும் வேறு எந்தக் கோப்பையும் திறக்காமல் இதை முழுக்கப் படி. நேற்று மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் உன் உதவியாளர் எடுத்து மேடம் கூட்டத்தில் இருக்கிறார் என்றார், அவரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதோடு கையெழுத்துப் போட்ட காகிதங்கள் உன் கைக்கு வரவேண்டும், போனில் அவை வராது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நீ நாடாளுமன்ற அவையில் பேசிய இரண்டு நாளும் அப்பா நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அசையவே இல்லை. செவ்வாய்க்கிழமை வங்கிச் சட்டத் திருத்தத்தில் நீ எழுந்து, ஒரு பகுதியில் கடைசியாக இருக்கும் கிளையை மூடுவதற்கு முன் அங்கே வரிசையில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவேண்டாமா என்றாயே, அப்போது அவர், “கடையில மீதிச் சில்லறை கேக்கவே கூச்சப்பட்டு என் பின்னாடி ஒளிஞ்சுக்குவா, இப்ப பாரு, நிதியமைச்சரையே நிறுத்தி வெச்சுக் கேக்குறா” என்று என் தோளில் தட்டித் தட்டிச் சொன்னார், தோள் இன்னும் வலிக்கிறது. வியாழக்கிழமை மின்சார மசோதாவில் நீ பேசியது அதைவிட நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கவுண்டரை மூடினீர்கள், இன்று முன்பணம் கட்டினால்தான் ஓடும் மீட்டரைக் கொண்டுவருகிறீர்கள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற ஆள் ஒரே ஆள்தானே, அவரை எந்த இலாகா பார்த்துக்கொள்ளும் என்று கேட்டாய். இரண்டு மசோதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அத்தனை பேரில் நீ ஒருத்திதான். எதிர்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டியதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் நீ என் போன மாதக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தாய். அந்த மடிப்பைப் பார்த்ததுமே என் கடிதம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் தெருத் தையல்காரம்மாவுக்குப் போனில் பணம் கட்டத் தெரியாது, முனைக் கிளையை மூடிவிட்டதால் இரண்டு பஸ் மாறி வங்கிக்குப் போனார், திரும்பி வருவதற்குள் புது மீட்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டது, பாதி தைத்த காலரில் ஊசி அப்படியே நின்றது என்று நீ வாசித்தாய். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் மின்துறை அமைச்சர் எழுந்து, மிகவும் வருத்தமான சம்பவம், அந்த அம்மாவின் மின் இணைப்பு எண்ணைக் கொடுங்கள், நானே விசாரிக்கிறேன் என்றார். நீயும் வரும் புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய்.

கண்ணு, அப்படி ஒரு அம்மா இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விடுகிறேன். நடந்தவை எல்லாம் உண்மை, ஆனால் நடந்தது இரண்டு பேருக்கு. எழுதும்போது இரண்டையும் சேர்த்து ஒருவர் தலையில் வைத்தால் உனக்குச் சட்டென்று புரியும் என்று தோன்றியது, சேர்த்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வகுப்பில் இல்லாத தொட்டிக்கு இரண்டு குழாய் வைத்துத் தண்ணீர் நிரப்பியவள் நான். அந்தத் தொட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, உன் அமைச்சர் கேட்டுவிட்டார். அப்பாவிடம் சொன்னேன். அவர், “பேப்பர்ல ஒரு தப்பு வந்தா சிவப்பு மையால வட்டம் போட்டு ஆசிரியருக்கு அனுப்புவியே, நீயா இதைப் பண்ணுன?” என்றார். நான்தான் என்றேன். “சரி, செருப்பைப் போடு, போய்க் கேட்டுட்டு வரலாம்” என்று முழங்காலையும் பொருட்படுத்தாமல் கிளம்பிவிட்டார்.

தையல்காரம்மா கடையில் நாங்கள் நுழைந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “என்ன டீச்சர், எனக்கா போன் பாக்கத் தெரியாது? உங்க பொண்ணு பேசுனதையே நான் போன்லதான் பார்த்தேன், நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன்” என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மசோதா வருமுன்பே வெள்ளோட்டமாகப் புது மீட்டர் வைத்த அவர் கடையில் மின்சாரம் நின்றது உண்மை, காலரும் உண்மை. ஆனால் காரணம் வங்கி இல்லை. பணம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை அவருடைய பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது, அந்த எண் அவரிடம் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. விஷயம் தெரிந்ததும் போனிலேயே பணம் கட்டிவிட்டார், நாற்பது நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த நல்ல மனுஷி என்ன சொன்னார் தெரியுமா, “பாப்பாவுக்கு ஏதாச்சும் சிக்கல்னா சொல்லுங்க டீச்சர், எனக்குப் போனும் தெரியாது வங்கியும் கிடையாதுன்னு எழுதிக் குடுத்துடுறேன், யாரு வந்து பாக்கப் போறாங்க.” அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் ஆசை வந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். வேண்டாம்மா, நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்கள் என்றேன்.

அடுத்தது வாட்ச் ரிப்பேர்காரர். இரண்டு பஸ் மாறி வங்கிக்குப் போகிறவர் அவர்தான். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடுகளவு பற்சக்கரத்தை எடுத்து வைக்கிற கைக்கு, போன் திரை மட்டும் மசியமாட்டேன் என்கிறது, தொட்டுத் தொட்டு விரல் நுனி தேய்ந்துபோய்விட்டது என்கிறார். ஆனால் அவர் கடையில் மின்சாரம் ஒரு நாளும் நின்றதில்லை. அங்கே இருப்பது பழைய மீட்டர், மின் அலுவலக ஜன்னலில் நின்று கையில் கட்டிவிட்டு வருகிறார். நான் செய்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமலே, “எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு கஷ்டம், அதையும் தூக்கி அந்தம்மாவுக்குக் குடுத்துட்டீங்களே” என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த கடிகாரமெல்லாம் நின்றிருக்கும்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மின்சார மசோதா வந்தால் அவருக்கும் புது மீட்டர் வைப்பார்கள், அந்த ஜன்னலையும் மூடுவார்கள். வங்கியும் இல்லை, ஜன்னலும் இல்லை, போனும் மசியாது. நான் நடந்ததாக எழுதியது இன்னும் நடக்கவில்லை, இந்தச் சட்டம் இப்படியே நிறைவேறினால் அவர் கடையில் நடக்கும். நீ அதைத்தானே தடுக்கப் பார்க்கிறாய். பணம் தீர்ந்தபிறகு மூன்று நாள் அவகாசம், பகுதிக்கு ஒரு கவுண்டர் என்று நீ கொண்டுவந்த திருத்தத்துக்கு இவர்கள் இரண்டு பேருமே போதும், ஆளுக்கொரு காரணமாக. எச்சரிக்கை தவறான எண்ணுக்குப் போகலாம் என்பதற்கு அந்த அம்மா, கவுண்டர் வேண்டும் என்பதற்கு இவர். நான் கட்டிய ஒற்றை ஆளைவிட இந்த இரண்டு பேர் உனக்கு அதிகம் கைகொடுப்பார்கள்.

ஆகையால் புதன்கிழமை அமைச்சர் கேட்கும்வரை காத்திருக்காதே. அவைத்தலைவரிடம் அனுமதி வாங்கி நீயே எழுந்து, நான் வாசித்ததில் பிழை இருக்கிறது, திருத்திக்கொள்கிறேன் என்று சொல். யார் பிழை என்று கேட்டால் என் அம்மா, கணக்கு டீச்சர் என்று தாராளமாகச் சொல், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மென்று விழுங்காதே. சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும், நீ அவசரப்படாமல் தண்ணீர் குடி. பிறகு இத்துடன் வைத்திருக்கும் இரண்டு காகிதங்களையும் எடுத்து வாசி. அவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டது, அவையில் வாசிக்கச் சம்மதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் வியாழக்கிழமை வாக்கெடுப்பில் உன் திருத்தம் தோற்றாலும் தோற்கட்டும், ஆனால் விசாரணையில் பிடிபட்டுத் தோற்றால் இன்னும் நான்கு வருடம் நீ எழுந்து நிற்கும்போதெல்லாம் இணைப்பு எண் எங்கே என்றுதான் கேட்பார்கள். முதல் முறை அவைக்குப் போயிருக்கிறாய், அப்படி ஒரு பட்டப்பெயர் உனக்கு வேண்டாம், எனக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

மற்றபடி வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, குளியலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. நீ அன்று போட்டிருந்த சாம்பல் நிற மேலங்கி திரையில் எடுப்பாக இல்லை, நீலத்தைப் போடு என்று அப்பா சொல்லச் சொன்னார். புதன்கிழமை தையல்காரம்மாவும் வாட்ச் ரிப்பேர்காரரும் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், தங்கள் எழுத்தை நீ வாசிப்பதைக் கேட்கவேண்டுமாம், அப்பா நாற்காலி இரவல் கேட்கப் போயிருக்கிறார். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. குரல் நடுங்காமல், உடம்புக்கு ஒன்றும் வராமல், நிமிர்ந்து நின்று பேசி நல்லபடியாக இரு.

ஒன்று மறக்காதே. வாட்ச் ரிப்பேர்காரர் எழுத்து எறும்பைவிடச் சின்னது. அவருடைய இணைப்பு எண்ணில் ஐந்தாவது இலக்கம் ஏழு, ஒன்று இல்லை. காலையில் அவர் கடைக்குப் போய், ஸ்டூல் மேல் ஏறி, மீட்டரிலேயே பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா