பிளாஸ்டரில் பதித்த பல்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
12-2-1934

மகன் ஹபீபுர் ரஹ்மானுக்கு அத்தா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை ஜஹீதாவும் சுகம், உன் அம்மாவின் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ பல் வைத்தியம் படிக்கும் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே விழும் சொத்தையை அடைக்க நீயே யோசித்துச் செய்த எஃகுப் பட்டையும் அதை இறுக்கும் திருகும் பளபளவென்று இருந்தன. கலவை கீழே பிதுங்காமலிருக்கப் பட்டைக்கும் ஈறுக்கும் இடையில் நான் செருகுகிற மரத்துண்டு இனித் தேவையில்லை, அது பழங்காலத்து வேலை என்று எழுதியிருந்தாய், பெரிய துரைதான் நீ. என்னிடம் பல் காட்ட வருகிறவர்கள் வாயில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மாதான், என் புள்ள செஞ்சத மொதல்ல என் வாய்லதான் வெக்கணும் என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நீ சொன்னபடியே மரத்துண்டு இல்லாமல் திருகி வெள்ளிக் கலவையை வைத்து அழுத்தினேன், வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்று தலையாட்டினாள். வலிக்குதுன்னா புள்ளய ஏசிக்கினே இருப்பாரு என்று பிறகு ஜஹீதாவிடம் சொன்னாளாம்.

அந்த வாரமே கன்னம் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. கலவை பட்டைக்கு அடியில் பிதுங்கி ஈறுக்குள் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது. ஒரு பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல்லும் கலவையில் ஒட்டிக்கொண்டு அதோடு வந்தது, அப்போதுதான் அவள் அலறினாள். இதை அனுப்புமுன் அங்கே நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். யார் யாருக்கோ பிடுங்கிய பற்களைப் பிளாஸ்டரில் பதித்து, மேஜைமேல் வைத்து அடைத்துப் பார்த்துவிட்டுக் கச்சிதம் என்று குதித்திருப்பாய். பிளாஸ்டர் கல் மாதிரி, கலவையைக் கீழே இறங்க விடாது. ஈறு சதையடா மடையா. அடுத்த மாதம் தர்ம ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் இதை வைக்கப் போகிறாயாமே, ஏழையின் வாயும் உனக்குப் பிளாஸ்டர்தானா? வைத்தால் என் வீட்டு வாசலை மிதிக்காதே.

பட்டை ரொம்ப நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கமே பக்கோடா மெல்லுகிறேன் என்று உனக்கு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். அவள் குடிப்பது கஞ்சி.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். இதோடு பஞ்சில் சுற்றி வைத்திருப்பதைத் தொலைத்துவிடாதே. பட்டையை உன் வாத்தியாரிடம் காட்டும்போது இந்த இரண்டு பல்லையும் பக்கத்தில் வை, யாருடையது என்று அவர் கேட்டால் வாயைத் திறந்து சொல்.

உன் அத்தா,
மெஹபூப் அலி