அயலிலைக்கு விழுந்த வாகை முத்திரை

பேரரசரின் ஆணைக்கு அடங்கி வாகைத்தீவை ஆளும் ஆழிநங்கை நாச்சியார், கொன்றைமாநகரின் சுங்கத் தலைவர் திருமிகு இளந்திரையருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் குறைவின்றி வந்தணைக. தங்கள் இல்லத்து விளக்கு நின்றெரிக.

எம் மண்ணில் விளைந்த புகையிலைக்குப் பாதித் தீர்வையும் அயல்நாட்டு இலைக்கு முழுத் தீர்வையும் கொள்க என்று பேரரசர் அருளியதாலேயே எம் குடிகள் உண்டு உடுத்து வாழ்கின்றனர். எது எம் இலை என்று காட்டுவது வாகைப்பூ முத்திரை ஒன்றே. பதினெட்டு ஆண்டுகளாக அதைக் காத்துவருபவன் பூவணன்.

சென்ற வளர்பிறையில் வணிகன் எறிசாத்தன் அயலிலை நாற்பது சிப்பம் இறக்கி, அவற்றுக்கும் வாகை முத்திரை இடச் சொன்னான். பூவணன் மறுத்தான். அவன் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது தன் ஊரில்தான் என்பதை மறந்துவிட வேண்டாம் என்று எறிசாத்தன் மெல்லச் சொல்லிப் போனான். அன்று முதல் பூவணனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் எழுந்து கதவைத் தாழிட்டான். நான்காம் நாள் முத்திரையை எடுத்து நாற்பது சிப்பங்களிலும் இட்டான். எறிசாத்தன் எம் தீவிலேயே தங்க, அவன் கலம் தங்கள் துறை நோக்கிப் புறப்பட்டது.

கலம் கண்ணுக்கு மறைந்தால் அச்சம் தீரும் என்று எண்ணியிருந்தானாம்; அது பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. தங்கள் ஆய்வாளர் ஒரு சிப்பத்தைப் பிரித்து முகர்ந்தாலே தீவின் சலுகை முழுதும் போய்விடும், மூவாயிரம் வீடுகளின் அடுப்பு அவியும் என்பதை அவன் அறிவான். எம் முன் வந்து விழுந்தான். ஒரு மகளுக்காகத் தீவையே விற்றுவிட்டதாகவும், தன் தலையைக் கொண்டு குடிகளைக் காக்குமாறும் வேண்டினான்.

மறைத்துவிடலாம் என்று எம் அமைச்சர் கூறினர். எமக்கும் அச்சம்தான், ஆயினும் எழுதுகிறோம். எறிசாத்தன் சிறையில் இருக்கிறான். பூவணனின் மகள் எம் அரண்மனையில் பாதுகாப்பாக இருக்கிறாள். அந்த நாற்பது சிப்பங்களுக்கும் முழுத் தீர்வை கொள்க; அறியாத குடிகளின் சலுகையை விட்டுவைக்க வேண்டுகிறோம். தங்கள் மறுமொழி வரும்வரை எம் துறையிலிருந்து ஒரு சிப்பமும் கடலேறக் கூடாதென்று ஆணையிட்டுள்ளோம்.

இவ்வோலையைத் தங்கள் கையில் தந்து நிற்பவன் பூவணனே. அவனுக்குப் படித்துக் காட்டிய பின்னரே இதைக் கட்டினோம். காவலர் எவரையும் உடன் விடவில்லை. வழியில் ஏழு துறைகள் உண்டு. எதிலேனும் இறங்கி அவன் மறைந்துபோயிருக்க முடியும். அதைக் கருதித் தீர்ப்பு வழங்குக.

இது ஆழிநங்கை தன் கையால் முத்திரை இட்டு விடுத்தது.