திருப்பதிக்குப் போவதாகச் சொன்னேன்

12 மே 2007, பதுளை

காலையில் முதல் வியாபாரமே அவமானம். லுணுகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் பாவாடைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போன மாசம் நீங்க குடுத்தது சாயம் போயிருச்சு மொதலாளி." நான் கொடுக்கவில்லை, பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பீர்கள் என்றேன். என் மண்டையை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயோ, அவரு வேறயா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கீங்க!"

பக்கத்துக் கடைக்காரர் என் கூடப் பிறந்த அண்ணன் பாலசுப்பிரமணியம். மூன்று வருடமாகப் பேச்சில்லை. அப்பாவின் துணிக்கடையை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிவிட்டோம். அப்பா கொடுத்த வழுக்கைக்குச் சுவர் எழுப்ப முடியவில்லை.

13 மே

கண்ணாடி. முன்னந்தலையில் இருபத்திரண்டு மயிர். இரண்டு தரம் எண்ணினேன்.

19 மே

பேச்சு நின்ற கதையை இங்கே எழுதியதே இல்லை. எழுதிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கொழும்பில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு ஒரு போன் அடிக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவு வீட்டில், ஊரே இருக்க, அண்ணன் சொன்னார்: "சரக்கு முக்கியம்னு போனவனுக்கு அப்பா எதுக்கு?"

அந்த வாயோடு ஒட்டியிருக்கிற முகமும் மண்டையும்தான் எனக்கும் வேண்டுமா? மாட்டேன். எனக்கு முடி வேண்டும். அழகுக்கு இல்லை. அவர் இல்லை நான் என்று தெரிய.

2 ஜூன்

ஷுக்ரியின் நெட் கபேயில் இரண்டு மணி நேரம். அவன் ஆங்கிலத்தில் படித்துச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். முடி நடுவதில் இரண்டு வழி இருக்கிறதாம்.

ஒன்று கீற்று முறை. பின்மண்டையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நீளத் தோலை வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் தைத்துவிடுவார்கள். எடுத்த தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி, வேரோடு முன்னால் நடுவார்கள். ஒரே நாளில் நிறைய நடலாம். காதுக்குக் காது ஒரு தழும்பு மிஞ்சும்.

மற்றது ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது. தையல் இல்லை, கோடு இல்லை, புள்ளிகள் மட்டும். ஆனால் இரண்டு நாள் ஆகும். கை பழகாத டொக்டர் என்றால் பாதி வேர் எடுக்கும்போதே அறுந்து செத்துப்போகும்.

"ஒண்ணு துணி கிழிக்கிற மாதிரி, மத்தது நூல் உருவுற மாதிரி," என்றான் ஷுக்ரி. "நீங்க துணிக்காரரு, யோசிச்சுக்கோங்க."

பின்மண்டை முடி மட்டும் ஏன் விழாது என்று கேட்டேன். அதற்கு விழத் தெரியாதாம், எங்கே நட்டாலும் தெரியாதாம். ஆனால் இருப்பதைத்தான் இடம் மாற்றலாம், புதிதாக ஒரு மயிரும் முளைக்காதாம்.

9 ஜூலை

சென்னையில் ஒரு டொக்டர். ஷுக்ரி நாளும் டிக்கட்டும் எடுத்துவிட்டான். கீற்றுமுறைக்குத்தான் மனம் போகிறது. ஒரே நாளில் முடியும். மனைவி மீனாவிடம் என்ன சொல்வது? மயிருக்காகக் கடல் தாண்டுகிறேன் என்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டே சிரிப்பாள். திருப்பதிக்கு வேண்டுதல், மொட்டை போட வேண்டும் என்றேன்.

"இங்க இருக்குற கதிர்காமத்துக்குக் கூப்பிட்டாலே கால் வலிக்குதும்பீங்க," என்றாள். பிறகு என் தலையை நன்றாகப் பார்த்தாள். "மொட்டை போட என்னங்க இருக்கு அங்க?"

6 ஆகஸ்ட், சென்னை

ஊசி நாளைக்குத்தான். குத்து இன்றைக்கே.

கிளினிக்கில் காத்திருக்கும் அறையில் எனக்கு எதிரே ஒரு வழுக்கை உட்கார்ந்திருந்தது. எங்கோ பார்த்த வழுக்கை. நிமிர்ந்தது. அண்ணன்.

எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். நர்ஸ் வாசலில் நின்றாள். ஐந்து நிமிடம் இருவரும் சுவரிலிருந்த மண்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் பேசினார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:

"நீ கீத்தா, ஒவ்வொண்ணா?"

"கீத்து," என்றேன். "நீங்க?"

"ஒவ்வொண்ணா. தையல்னா எனக்குப் பயம்."

அண்ணியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாராம்? திருப்பதி. நாசமாய்ப் போக.

ஷுக்ரிக்குப் போன் அடித்துக் கத்தினேன். "ரெண்டு பேரும் தனித்தனியா வந்து நல்ல டொக்டரக் கேட்டீங்க. நல்ல டொக்டர் ஒருத்தர்தான் கெடச்சாரு. நான் என்ன செய்ய?" என்கிறான். ஒரே வாரத்தில் ஏன் நாள் எடுத்தாய் என்றதும் போனை வைத்துவிட்டான்.

7 ஆகஸ்ட்

முடிந்தது. மரத்துப்போவதற்குப் போடும் ஊசிதான் வலி, மற்றதெல்லாம் சத்தம் மட்டுமே. குப்புறப் படுக்க வைத்து வெட்டினார்கள். அடுத்த மேசையில் மூன்று பெண்கள் என் தோலைக் கறிவேப்பிலை ஆய்வதுபோல ஆய்ந்தார்கள். நடுவே தலை திறந்தபடி தயிர்சாதம் சாப்பிட்டேன்.

முழு மொட்டை வேண்டாம், பின்முடி இருந்தால்தான் தையலை மறைக்கும் என்று டொக்டர் எவ்வளவோ சொன்னார். திருப்பதிக்குப் போனவன் முடியோடு எப்படித் திரும்புவது? வழித்துவிடச் சொன்னேன். தையல் இப்போது ரயில் தண்டவாளம் மாதிரித் தெரிகிறது.

10 ஆகஸ்ட்

நெற்றியில் போட்ட மருந்துநீர் இறங்கி, முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. நாலாம் நாள் இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள், பயந்தேன். அண்ணன் முகமும் பலாப்பழம். லொட்ஜில் அடுத்தடுத்த அறை. சாய்ந்தபடிதான் படுக்க வேண்டும், குனியக் கூடாது, தலையில் கை படக் கூடாது.

இன்று முதல் தடவை தலை கழுவும் நாள். கண் தெரியாமல் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் வந்தார். "உக்காரு." சவர்க்கார நுரையை ஒற்றி ஒற்றி வைத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அவருக்கு நான் ஊற்றினேன். எனக்குத் தெரிந்தது மங்கல்தான், காதுக்குள்ளே ஊற்றிவிட்டேன். "மொதலாளியாம் மொதலாளி," என்று திட்டினார்.

14 ஆகஸ்ட்

நாளை ஊருக்குப் பயணம். ஒபரேஷன் செய்ததாக டொக்டர் கொடுத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மீனா பெட்டியைக் குடைவாள். தையலைப் பதுளையில் பிரித்துக்கொள்ளலாம்.

16 ஆகஸ்ட், பதுளை

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

கொழும்பிலிருந்து பதுளை பஸ். ஊர்க்காரர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். இருவர் தலையிலும் தொப்பி. வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் முறை வந்தது. தொப்பியைக் கழற்றச் சொன்னான் ஆமிப் பையன்.

கழற்றினேன். அவன் ஓரடி பின்னால் போனான்.

தமிழ்ப் பெயர். மொட்டைத் தலை. காதுக்குக் காது புதுத் தையல். முன்னால் ஆயிரம் பொட்டுக் காயம். இந்த யுத்த காலத்தில், அந்தத் தலையோடு, நான் யார் என்று அவன் நினைத்திருப்பான்? எனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'முடி' என்றேன், 'நட்டது' என்றேன். வயலில் நடுகிற சொல்லைச் சொல்லியிருக்கிறேன் போல. கடிதம் எங்கே என்றான். கிழிச்சுட்டேனே, பெருமாளே, நானே கிழிச்சுட்டேனே! முழங்காலில் உட்கார வைத்தார்கள். துப்பாக்கி முனை பக்கத்தில். பஸ் கொண்டக்டர் மற்றவர்களை ஏறச் சொன்னார். அண்ணனின் அட்டையைப் பார்த்தாயிற்று. தொப்பியைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் ஏறியிருக்கலாம்.

ஏறவில்லை. நேரே வந்தார். தன் தொப்பியைத் தானே கழற்றினார். கணீர் என்ற சிங்களத்தில், "இவன் என் தம்பி. இவனைப் பிடித்தால் என்னையும் பிடியுங்கள்," என்றார். பஸ் போய்விட்டது.

தகரக் கொட்டகையில் நாலு மணி நேரம். அண்ணனிடம் கடிதம் இருந்தது, ஆனால் அவருக்கானது. ஆமிப் பெரியவர் வரட்டும் என்றார்கள். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னைக்குப் போன் பண்ண வேணாம்னு சொன்னது அப்பாடா. 'அவன் சரக்கு எடுத்துட்டு வரட்டும், எனக்கு ஒண்ணுமில்ல'ன்னாரு. நான் கேட்டுட்டேன். ராத்திரிக்குள்ள போயிட்டாரு. நீ வந்து நின்னதும்... எம் மேல தப்புன்னு சொல்ல வாய் வரல. ஒம் மேல போட்டுட்டேன்."

"மூணு வருஷம் ஆச்சே அண்ணே," என்றேன். "ஆச்சு," என்றார்.

பெரியவர் வந்தார். கடிதத்தைப் படித்தார். எங்கள் இருவர் தலையையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பையன்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார். எங்களைவிட மோசம். குரலைத் தாழ்த்தி, "வலிக்குமா?" என்றார். "எது நல்லது?"

"ஒவ்வொன்றாக எடுப்பது," என்றார் அண்ணன். "தழும்பு தெரியாது."

"பொய் சொல்லாதீங்க அண்ணே, அதுல பாதி அறுந்துபோயிரும்," என்றேன்.

"ஒன் தையலாலதான்டா இங்க குந்தியிருக்கோம்!"

தமிழில் கத்தியதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் அவர். அரை மணி நேரம். டொக்டரின் நம்பரையும் எழுதிக்கொண்டார். தேத்தண்ணீர் கொடுத்து, ஒரு லொறியை மறித்து ஏற்றிவிட்டார்.

விடிய வீட்டு வாசலில் மீனா என் தொப்பியைக் கழற்றிப் பின்மண்டையைப் பார்த்தாள். "பெருமாள் தையல் வேற போட்டா அனுப்புனாரு?" என்றாள். பிறகு நடந்ததெல்லாம் கேட்டு அழுதாள். அழுது முடித்துச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

5 செப்டம்பர்

நட்டதெல்லாம் விழுகிறது. தலையணை முழுக்க. முதலில் விழும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் முளைக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரிந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணுகிறேன். அண்ணன் போன்: "ஒனக்கும் விழுதா?" விழுகிறது என்றேன். "அப்பச் சரி," என்று வைத்துவிட்டார்.

11 டிசம்பர்

முளைக்கிறது. கோழிக்குஞ்சு ரோமம் மாதிரி. தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

20 பெப்ரவரி 2008

எனக்கு அடர்த்தி, அவருக்கு ஐதாகத்தான். எனக்குப் பின்னால் கோடு, அவருக்கு இல்லை. உச்சியில் இருந்த பழைய முடி இருவருக்கும் தொடர்ந்து கொட்டுகிறது; அதை எந்த டொக்டராலும் நிறுத்த முடியாதாம்.

29 மார்ச் 2008

சித்திரைப் புத்தாண்டுச் சரக்கு வந்தது. பிரித்தால், நான் எடுத்த அதே கிளிப்பச்சைச் சேலையை அண்ணனும் எடுத்திருக்கிறார். அதே கரை! போய்க் கத்தினேன். "நான்தான் மொதல்ல ஓடர் சொன்னேன்," என்று அவர் கத்தினார். கடைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு மணி ஆகியும் தீரவில்லை. அண்ணி உள்ளேயிருந்து வந்து, சோறு ஆறுகிறது, மிச்சச் சண்டையை இலை போட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் ஆக்கியிருந்தாள். நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே கத்தினோம்.