முட்டையென்று நான் நசுக்கியவை

பேராதனை,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மதனிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. நீ யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதம். போனையும் எடுக்கிறாய் இல்லை. மாமியாவது இந்தக் கடிதத்தை உன் கையில் தருவார் என்று நம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மருந்தை விட்டுவிடாதே.

நீ நட்ட கத்தரியில் புழு பிடித்துவிட்டது. போன மாதம் சில பச்சைப் புழுக்களின் முதுகு நிறையச் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஐயோ, முட்டை போட்டுப் பெருகப் போகுதே என்று அந்தப் புழுக்களையே தேடித் தேடி நசுக்கினேன். நீ வரும்போது தோட்டம் துப்புரவாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

நேற்றுப் பக்கத்து வீட்டு மஸீனா அக்கா வந்து பார்த்தார். விவசாயக் கந்தோரில் வேலை செய்பவருக்குத் தெரியாததா? அது முட்டை இல்லையாம், சின்னக் குளவிகளின் கூடுகளாம். தாய்க்குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடுமாம். குஞ்சுகள் உள்ளே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டுமாம். அந்தப் புழு எப்படியும் செத்திருக்கும், விட்டிருந்தால் குளவிகள் மற்றப் புழுக்களையும் முடித்திருக்கும் என்றார். இப்போது ஒரு செடியிலும் உருப்படியாக இலை இல்லை. நசுக்க முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே வந்து கதிரையில் சாய்ந்திருந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் நான் உன்னைக் கேட்கவில்லை. எங்கள் பிள்ளை உயிரில்லாமல் பிறந்த அன்று, தாய் கண் விழித்ததும் காட்டட்டுமா என்று நேர்ஸ் கேட்டார். வேண்டாம், அவ தாங்கமாட்டா என்று சொன்னவன் நான். நீ எழும்பி நடக்க முந்தியே அடக்கமும் செய்துவிட்டேன். நீ வீட்டுக்கு வருமுன் தொட்டிலையும் சின்னச் சட்டைகளையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்தேன். எல்லாம் உன் நன்மைக்கு என்றே நினைத்தேன், மடையன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மன்னிப்புக் கேட்க ஒரு கடிதம் காணாது. ஆனால் மதனி, எங்கள் மகளை இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தலை நிறைய முடி. காது உன்னுடையது போலவே. வலது கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். சொல்ல இன்னும் இருக்கிறது, எழுத முடியவில்லை. நீ வா. இல்லாவிட்டால் நான் அங்கே வாறன். உள்ளே கூப்பிடவும் வேண்டாம், வாசல் படலையடியில் நின்றாவது உன் பிள்ளையின் முகத்தை உனக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மாளாச்சி உனக்குத் துணை.

சஞ்சயன்