படத்தில் தெரியாத அடி

1979 மார்ச் 4, கோவிந்தாபுரம்
நேற்று ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் என் வண்டிதான் முதல். அதாவது, கடைசி வளைவு வரைக்கும். அங்கே சக்கரம் கல்லில் ஏறியது. ஓட்டிய ஆறுச்சாமி, என் தங்கை மகன், தலைகுப்புற விழுந்தான். கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. எழுந்ததும், "மாமா, நாம செயிச்சுட்டமுங்ளா?" என்றான். வீடு வந்து சேரும்வரை அதே கேள்வி. என் எதிராளி அப்புசாமி வண்டி ஜெயித்ததை என் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டான், பாவி.

மார்ச் 9
பாலக்காட்டில் எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை. என்னைக் கண்டதும் டாக்டர் எழுந்து நின்றார். ஜன்னலைச் சாத்தத்தான். எழுந்தது எழுந்ததுதானே!

மார்ச் 27
ஆறுச்சாமிக்கு வெயில் கண்ணைக் குத்துகிறதாம், தலை இடிக்கிறதாம். பத்தொன்பது வயதுத் தடியனுக்குத் தலைவலி! நடிப்பு. சித்திரைப் பந்தயத்தில் ஓட்டச் சொல்வேன் என்ற பயம்.

தங்கை மருதாத்தாள் வாசலில் நின்று கத்துகிறாள்: "உங்க வண்டிக்கு என்ற பையன்தானுங்ளா கெடச்சான்? மெட்ராசுல மூளையவே படம் புடிக்கற மிசின் வந்திருக்குதாமா. கூட்டிட்டுப் போங்ண்ணா. இல்லீன்னா இந்த ஊட்டுப் படிய மிதிக்க மாட்டனுங்க."

மிதிக்காதே. படியாவது தேயாமல் இருக்கும்.

ஏப்ரல் 6, மெட்ராஸ்
வந்தேன். அவளுக்குப் பயந்தா? அந்த மிசினுக்கு என்ன திமிர் என்று பார்க்கத்தான். கல்யாண மண்டபம் அகலம் இருக்கும். நடுவில் ஓட்டை; அதற்குள் பையன் தலையை விட்டார்கள். தேங்காயைப் பத்தை போட்டதுபோல, வெட்டாமலே மூளையை வெட்டிக் காட்டுகிறது. படம் சுத்தம்!

"பாத்தியாடா, நடிப்பு" என்றேன். டாக்டர் முறைத்தான், மீசைகூடச் சரியாக முளைக்காத பயல். "ரத்தக் கசிவு இல்லேன்னுதான் படம் சொல்லும். அடி படலேன்னு சொல்லாது. மூளை குலுங்கினது இதுல தெரியாதுங்க. ஓய்வு கொடுங்க. மறுபடி விழுந்தா உயிருக்கே ஆபத்து."

அத்தனை பெரிய மிசினை வைத்துக்கொண்டு தெரியாதாம்! இவனை எவன் படிக்க வைத்தான்?

ஏப்ரல் 11
படத்தை டீக்கடையில் மாட்டினேன். மூளை இருப்பதற்கு அத்தாட்சி உள்ள குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையது மட்டும்தான் என்றேன்.

அப்புசாமி விடவில்லை. "அது பையனுக்குத்தானுங்களே? உங்களுக்கு எங்கீங்க, பொங்கியண்ணா?"

கடையே சிரித்தது. சித்திரைப் பந்தயத்தில் ஆறுச்சாமிதான் ஓட்டுவான், உன் வண்டியைப் புழுதி தின்ன வைப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி மாற்றம் இல்லை.

ஏப்ரல் 15
மாடு பூட்டச் சொன்னேன். சாம்பல் நிற மயிலை வலப்பக்கம், சிவப்பு நிறச் செவலை இடப்பக்கம். கன்றிலிருந்தே அப்படிப் பழக்கியவன் ஆறுச்சாமி. மாறினால் இரண்டும் இழுக்காது. கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவான்.

இன்று மாற்றிப் பூட்டினான். வேண்டுமென்றேதான், என்னிடம் வம்பு. "கண்ணு அவிஞ்சு போச்சாடா?" என்று கத்தினேன். அவிழ்த்தான். பூட்டினான். மறுபடி அதே மாற்றம்.

"சரியாத்தானுங்களே இருக்குது, மாமா."

நடிப்பு என்றால் எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் என்னைவிட நடித்தவன் எவன்? அந்த முகத்தில் நடிப்பு இல்லை. மாடுகள் இரண்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனைப் பார்த்தன. அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு என்னங்க மாமா ஆச்சு?"

மாடுகளை நானே அவிழ்த்துக் கட்டினேன்.

ஏப்ரல் 16
அந்த டாக்டர் பயல் நாசமாய்ப் போக. சரியாகச் சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 29
பந்தயம். நான் மட்டும் போனேன். கூட்டத்தின் நடுவில் அப்புசாமி பிடித்துக்கொண்டான். "எங்கீங்க உங்க சூரன்? பயந்துட்டானுங்ளா?"

"அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்ட இருக்கறான். என்ற மாடுதான் எதுக்கும் ஆகாது. வளைவக் கண்டா மெரளுது. வண்டியில பூட்டறதுக்கே லாயக்கில்ல" என்றேன்.

பல் தெரியச் சிரித்தார்கள். இத்தனை வருடமாய் என் மாட்டைப் பற்றி நான் சொன்ன எதையும் நம்பாத பயல்கள், இதை மட்டும் உடனே நம்பிவிட்டார்கள்.