கையும் முகமும்

மெல்போர்ன்
நவம்பர் 6, 2024

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வராமல், அப்பா முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி நான். உன் ஸ்டுடியோ கேமராமேன் அக்ஷய் எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் அழுது தீர்த்தேன்.

ஓர் உதவி. நான் இல்லாததால் நீ கொள்ளி வைத்தாய். எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா, தகனத்துக்கு டெல்லி வந்திருந்த தன் மகன் ஜெயராம் வைத்ததாகச் சொல்லிவிட்டாராம். பதினாறாம் நாள் சொந்தபந்தம் கூடி வீடியோ பார்ப்பார்கள். அம்மா இனி பெரியப்பா வீட்டில்தானே இருக்கப்போகிறாள்? ஊர்ப்பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். அவன் வைத்ததுபோல் வீடியோவை மாற்றி அனுப்பிவிடேன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற உனக்கு இது தெரியாததா?

அன்பு அண்ணன்,
இளஞ்செழியன்

முனிர்கா, டெல்லி
நவம்பர் 8

அன்புள்ள அண்ணா,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் வேலைக்குப் போகிறேன். அழுகை வரவில்லை.

நீ சொன்னபடி வெட்டிவிட்டேன். நான் முழுதாகத் தெரிகிற இடங்களை எடுத்தாயிற்று. கொள்ளி பிடித்த என் கை மட்டும் நெருக்கத்தில் இருக்கிறது. அதை ஒட்டி ஜெயராம் முகம், பிறகு தீ. இப்படி அடுத்தடுத்து வைத்தால் அவன் கை என்றே யாரும் நினைப்பார்கள். என் கையில் வளையல் இல்லாதது வசதியாகப் போயிற்று. புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான் அவன்; அழுவதுபோல் இருக்கிறது. மந்திரச் சத்தத்தை அறுக்காமல் ஓடவிட்டதால் ஒட்டு தெரியவில்லை. "அச்சா கட் ஹை, தீதி" என்று வெட்டைப் பாராட்டினான் அக்ஷய்.

அன்று சடங்கு செய்தவர் தயங்கியபோது, "என் தங்கச்சி வைக்கட்டும்" என்று போனில் சொன்னவன் நீ. உண்மையிலேயே இதை அனுப்பட்டுமா?

சிந்து

மெல்போர்ன்
நவம்பர் 9

சிந்து,

சொன்னதை நான் மறுக்கவில்லை. உனக்கு, எனக்கு, அம்மாவுக்கு உண்மை தெரியும். அது போதாதா? அனுப்பிவிடு, கண்ணு.

அண்ணன்

முனிர்கா
நவம்பர் 13

அண்ணா,

அனுப்பிவிட்டேன். அதற்கு முன் அம்மா பார்க்க வேண்டும் என்றாள். அன்று அவளை வீட்டிலேயே விட்டுப் போனோமே, சுடுகாட்டில் நடந்த எதையும் அவள் பார்த்ததில்லை.

முழுதும் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஜெயராம்லா வச்சிருக்கான்! நீ வச்சன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"நான்தாம்மா வச்சேன். அது என் கை."

"பாவம், அன்னைக்கு நீயும் புத்தி நெலையில்லாமத்தான இருந்த" என்று என் தலையைத் தடவினாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தாயிற்றே. உடனே ஜெயராமுக்குப் போன் போடச் சொல்லி, நீ நல்லா இருப்பே என்று வாழ்த்தினாள்.

"இருக்கட்டும் சித்தி" என்றான் அவன்.

அக்ஷய் எடுத்த அசலை உனக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டுவதோ காட்டாததோ உன் பாடு. இன்னொரு முறை அவளிடம் நின்று மன்றாட என்னால் ஆகாது.

அப்பாவின் தலைத் திவசத்துக்கும் ஜெயராமையே கூப்பிடுங்கள். நான் வரமாட்டேன்.

சிந்து