ஒட்டாத உறைகள்

சான் ரொஹேலியோ,
ஜூன் 3

அன்புள்ள சாந்தோ,

படகுத்துறை டெண்டர் அறிவிப்பை இன்று காலை நானே ஒட்டினேன். நகராட்சி வாசலில் ஒன்று, சந்தையில் ஒன்று, மாதா கோயில் சுவரில் ஒன்று. பசை காய்வதற்குள் கைப்பேசியில் உன் எண்ணைத் தடை செய்துவிட்டேன். கோபிக்காதே. டெண்டர் குழுவின் செயலாளர் நான், டெண்டர் போடப் போகிறவன் நீ. ஒப்பந்தம் கையெழுத்தாகிற வரை நம் வழக்கப்படி கடிதம் மட்டும்தான். அதிலும் டெண்டரைப் பற்றி ஒரு சொல் கூடாது. உறையை ஒட்டவும் கூடாது. யாருக்குச் சந்தேகமோ அவர்கள் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

யாருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும் நம் கடிதங்களைச் சுமக்கிற படகுக்காரர் மனோய் டெலோ படிப்பார். போன டெண்டரின்போது உன் கடிதத்தைப் படகிலேயே படித்து முடித்துவிட்டு, "என்ன பெலிசா, இந்த வாட்டி உன் ஆளு ரெண்டே பக்கத்துல முடிச்சிட்டான்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

மே மாதம் கரையில் நின்றுகொண்டு "கல்யாணம் எப்பதான்?" என்று கேட்டாய். நான் வழக்கம்போல, "இந்த டெண்டர் முடியட்டும்" என்றேன். நீ மட்டும் வழக்கம்போல் சிரிக்கவில்லை. திரும்பிப் படகில் ஏறிவிட்டாய். அந்த முதுகுதான் ஒரு மாதமாகக் கண்ணில் நிற்கிறது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

பெலிசா

*

கட்பலோகன்,
ஜூன் 9

அன்புள்ள பெலி,

(மனோய் டெலோ, உங்களுக்கும் வணக்கம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாதீர்கள், மை கலைகிறது.)

உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. ஏழு வருஷமாகிறது. "ஐயா, சுகாதார நிலைய வேலை நாற்பத்துமூன்று நாள் பிந்தியுள்ளது. தங்களுக்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது?" புயலால் சிமெண்ட் கப்பல் செபுவை விட்டுக் கிளம்பவில்லை என்று பதில் போட்டேன். "சொன்னால் போதாது, துறைமுகச் சான்றிதழ் தேவை" என்றாய். இப்படியும் ஒரு பிடிவாதக்காரியா, அவள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றுதான் சான்றிதழைத் தபாலில் போடாமல் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். வந்ததுதான் தப்பு.

பெலி, ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு டெண்டருக்கும் நோட்டரி முன் நின்று, உங்கள் குழுவில் எவருக்கும் நான் உறவில்லை என்று சத்தியம் செய்கிறேன். காதலியைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையே இல்லை. மனைவி என்றால்தான் டெண்டர் செல்லாது. ஆகவே ஐந்து முறை கையைத் தூக்கி, பெலிசா எனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். போன தடவை வக்கீல் கிலாத்தெஸ் முத்திரையைக் குத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னுமாய்யா யாருமில்ல?" என்றார். எனக்கு மானம் போயிற்று.

வரிப் பிரிவுக்கோ பிறப்பு இறப்புப் பதிவுக்கோ மாற்றல் கேளேன். எனக்கு நாற்பத்துநாலு ஆகிறது. உன்னோடு உட்கார்ந்து ஒரு தட்டில் சோறு சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செபு வியாபாரி கம்பி விலையை முப்பது நாளுக்கு மேல் பிடித்து வைக்க மாட்டேன் என்கிறான். நான் அவனிடம்

சாந்தோ

*

சான் ரொஹேலியோ,
ஜூன் 20

அன்புள்ள சாந்தோ,

கம்பிப் பேச்சு டெண்டர் பேச்சு இல்லையா? "நான் அவனிடம்" என்பதற்கு அப்புறம் இருந்த ஆறு வரியையும் படிக்காமல் கத்தரித்து அடுப்பில் போட்டேன். "அடடா, நல்ல பகுதியாச்சே அது! நான் படிச்சேன், சொல்லட்டா?" என்று மனோய் டெலோ பின்னாலேயே வந்தார். காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாற்றல் கேட்கச் சொல்கிறாய். எனக்கு ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? பழைய படகுத்துறை எப்படி விழுந்தது என்று உனக்கே தெரியும். பெரும்புயல் அன்றைக்கு நம் பக்கம் வரவே இல்லை, ஓரமாக ஒரு காற்றுதான். விழுந்த தூணுக்குள் பார்த்தால், எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலு. அந்த டெண்டர் நடந்தபோது எனக்கு முன் இருந்தவர், நேரம் முடிந்த பிறகும் ஜன்னல் வழியாக உறை வாங்கினார். நான் எழுந்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று ஊருக்கே தெரியும். போன வாரம் பிரசவ வலியோடு ஒருத்தியை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் படகுக்கு நடந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி எழுந்து போவேன், சொல்.

செவ்வாய்க்கிழமை எல்லா ஒப்பந்தக்காரர்களும் இடம் பார்க்க வந்தீர்களே, மற்றவர்கள் கரையில் குடை பிடித்து நின்றார்கள். நீ மட்டும் மழையில் இறங்கி மூங்கில் கழியால் ஆழம் பார்த்தாய். நகராட்சி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தாய். உன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பதிவேட்டில் விழுந்தது. ஒரு துண்டு எடுத்துக் கொடுக்க முடியவில்லை. "அடுத்தவர்" என்றேன். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்காக வாங்கி வந்த பினகோல் இனிப்பை மனோய் டெலோவிடம் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறது. குழுவில் இருப்பவருக்குப் பரிசு கூடாது, சரிதான். ஆனால் அந்த மனிதர் என் கண் முன்னால் சிரட்டையை உடைத்து, வழித்து வழித்துத் தின்றார். "ரொம்ப இனிப்பு" என்று குறை வேறு. அவரை நான் மன்னிக்கவே போவதில்லை.

உன்னைப் பார்க்காமல் இருப்பதைவிட, பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பெலிசா

*

கட்பலோகன்,
ஜூலை 2

அன்புள்ள பெலி,

நீ சொன்னது சரி. மாற்றல் கேட்காதே. துறையைக் கட்ட ஆள் கிடைப்பான். கம்பியை எண்ணிப் பார்க்க உன்னைப் போல் ஒருத்தி கிடைக்க மாட்டாள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

என் பதினோரு ஆட்களைப் பற்றியும் கவலைப்படாதே. பக்கத்துத் தீவில் பள்ளிக்கூட வேலை போன வாரமே கையெழுத்தாகிவிட்டது, இரண்டு வருஷத்துக்குப் போதும். மேஸ்திரி பசிலியோவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "முதலாளி, கடல்ல நின்னு ஆழம் பாத்தீங்களே, அந்தத் துறைய நாம கட்டணும்னு எனக்கு ஒரு ஆச" என்றான். எனக்கும் அந்த ஆசைதான். உன் ஊருக்கு வருகிற ஒவ்வொருவரும் நான் கட்டியதில் கால் நனையாமல் இறங்க வேண்டும் என்று ஏழு வருஷமாக மனதுக்குள் வரைந்து வைத்திருக்கிறேன்.

இன்று வக்கீல் கிலாத்தெஸிடம் போனேன். கையைத் தூக்கினேன். கை தூக்கியபடி நின்றது, வாய் வரவில்லை. அதற்கு மேல் எழுதினால் நீ அடுப்பில் போடுவாய். திங்கட்கிழமை பத்து மணிக்கு நீயே பார்த்துக்கொள்.

பள்ளிக்கூட வேலை நடக்கிற இடத்தில் மாடியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் உன் தீவு தெரிகிறது. மழை நாளில் தெரிவதில்லை. மழைதான் அதிகம் பெய்கிறது.

சாந்தோ

*

சான் ரொஹேலியோ,
ஜூலை 6

என் சாந்தோ,

பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். தகுதி உறை மூன்று. முதலிரண்டும் தேறின. மூன்றாவது உன்னுடையது. விதிப்படி ஒவ்வொரு தாளாக எடுத்து உரக்கப் படித்தேன். உரிமம், சரி. வரிச் சான்று, சரி. முந்தைய வேலைகள், சரி. கம்பி முழுவதையும் அறுபது நாளுக்கு அதே விலையில் தனியே எடுத்து வைத்திருப்பதாகச் செபு வியாபாரியின் உறுதிக் கடிதம், சரி. மற்ற இருவரிடமும் இல்லாத அதைப் படிக்கும்போதே தெரிந்தது, துறை உனக்குத்தான் என்று. மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

அப்புறம் சத்தியத் தாள். உறவில்லை என்கிற ஏழாவது பத்தியை அளவுகோல் வைத்து அடித்திருந்தாய். மேலே உன் கையெழுத்தில் சில வரிகள், பக்கத்தில் நோட்டரி முத்திரை. நான் படிக்காமல் நின்றேன். தலைவி எஞ்சினியர் துமாயாஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "படிம்மா. எழுதியிருக்கறது எதுவா இருந்தாலும் பதிவாகணும்."

படித்தேன். "இக்குழுவின் செயலாளர் பெலிசா அபுனாலெஸ் எனக்கு யாருமில்லை என்று ஐந்து முறை சத்தியம் செய்துள்ளேன். ஆறாவது முறை செய்ய மனமில்லை. அவர் சம்மதித்தால் என் மனைவி ஆவார். சம்மதிக்காவிட்டாலும் யாருமில்லை ஆகமாட்டார்."

எதிர்க் கம்பெனிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பார்வையாளராக வந்திருந்த மாதா கோயில் சங்கீதக் குழு அம்மாள் மூக்கைச் சிந்தினார். துமாயாஸ், "முடிவ நீதான் சொல்லணும், பெலிசா" என்றார்.

திருத்திய சத்தியத் தாள் செல்லாது. "தகுதி இல்லை" என்று சொன்னேன். முத்திரையை நானே குத்தினேன். ஏழு வருஷத்தில் உன்னைப் பற்றி நான் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரே வார்த்தை அது. சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். உனக்காகவும் அழுதேன், அந்தத் துறைக்காகவும் அழுதேன்.

விலை எழுதிய உன் இரண்டாவது உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. எவ்வளவு எழுதியிருந்தாய் என்று எனக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை. துறையை யார் கட்டினாலும் ஒவ்வொரு தூணிலும் எட்டுக் கம்பியையும் எண்ணிய பிறகுதான் காங்கிரீட் ஊற்ற விடுவேன். நீ கால் நனையாமல் இறங்க வேண்டும்.

சாயங்காலம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது மனோய் டெலோ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "என்னடி இது, ஒட்டிட்டியே!" என்பார். ஆமாம், ஒட்டத்தான் போகிறேன். டெண்டர் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை. நான் மீறுகிற முதல் விதி இது.

இன்னொரு விதியையும் செயலாளர் என்ற முறையில் உனக்குத் தெரிவிக்க வேண்டும். தகுதி இல்லை என்ற முடிவை மாற்றச் சொல்லி மூன்று நாளுக்குள் நீ மனுப் போடலாம். போட்டால் குழு கேட்டே ஆக வேண்டும்.

போட்டுவிடாதே.

உன்
பெலி